மாத்திரைப் பொறுப்பு

அத்தியாயம் 17

அம்சத்திடம் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று அவள் மகன் புகழேந்தி நான்கு நாட்களாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். நர்ஸிடம் சொன்னான். ஸ்கேன் எடுப்பவரிடம் சொன்னான். சக்கர நாற்காலி தள்ளுபவரிடம்கூடச் சொன்னான். இதனால் அம்சத்திடம் சொல்லக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது என்பது அம்சம் உட்பட அந்த மாடியில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

நடுவில் ஒன்றிரண்டு வாரம் விட்டுப்போனவர்களுக்காக ஒரு வார்த்தை. அம்சத்துக்கு ஐம்பத்தேழு வயது. பூதலூர்ப் பக்கத்துக் கிராமம். இருபத்திரண்டு பெண்கள் கொண்ட நடவுக் கோஷ்டிக்கு அவள்தான் தலைவி. இரண்டு வருஷத்துக்கு முன் இடது கால் வீங்கியது. ரத்தம் கட்டியிருக்கிறது என்று சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். போன தை மாதத்திலிருந்து வரப்பில் இருபதடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஆஸ்துமா என்றார் ஒரு டாக்டர். ரத்தசோகை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வயசாகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சித்திரையில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில்தான் உண்மை தெரிந்தது. காலில் இருந்த கட்டி உடைந்து மேலே போய், நுரையீரலின் ரத்தக்குழாய்களில் ஒட்டி இறுகிக் கிடந்தது. அடைத்த குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் வீங்கிவிட்டது. அப்படியே விட்டால் இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. சென்னையிலிருந்து மாதம் இரண்டு நாள் அங்கே வரும் அறுவை மருத்துவர் ஃபாஜிலைப் போனில் துளைத்தெடுத்துப் புகழேந்தி போன வாரம் வாங்கிய பதில் அது. கூடவே அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அம்மாவிடம் நேரில் பேசாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று.

இன்று காலை பத்து மணிக்கு அவர் வந்தார். புகழேந்தி வராந்தாவிலேயே மடக்கினான்.

"டாக்டர், அம்மா பயந்துடுவாங்க. கால் வழியா சின்னதா ட்யூப் விடறோம்னு மட்டும் சொல்லிடுங்க. மிச்சத்த நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"எப்ப சொல்வீங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சப்புறம்."

"அப்ப நெஞ்சுல தையல் இருக்கும் சார். அதுவே சொல்லிடும்" என்று சொல்லிவிட்டு ஃபாஜில் உள்ளே போனார்.

கட்டிலில் அம்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பக்கத்தில் அவள் கணவர் ரெத்தினம், துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். ஃபாஜில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்சத்தின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். போன மாதம் வேறொரு நோயாளியின் நுரையீரல் குழாயிலிருந்து உரித்து எடுத்த கட்டி அது. அடிமரமும் கிளைகளுமாக ஒரு சாண் நீளம் இருந்தது.

அம்சம் போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "கோரை வேர் மாதிரி இருக்கு" என்றாள். "மேல அறுத்தா பத்தாதே. கிழங்கோட வரணுமே."

"அதேதாம்மா. குழாயோட உள் தோலையும் சேத்து உரிச்சு எடுக்கணும். அதுக்கு நெஞ்செலும்பைத் தொறக்கணும். இதயத்தோட வேலைய ஒரு மெஷின் பாத்துக்கும். ஆனா உள்ள ரத்தம் ஓடிட்டிருந்தா எங்க கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால உடம்பை நல்லாக் குளிர வச்சு, பதினெட்டு இருபது டிகிரிக்குக் கொண்டு வந்து, மெஷினையும் நிறுத்திடுவோம். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம்."

புகழேந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ரெத்தினத்தின் கையில் துண்டு நின்றது.

"ரத்தமே ஓடாதா?" என்று கேட்டார் ரெத்தினம்.

"ஓடாது."

"இருவது நிமிஷம் ரத்தம் ஓடலன்னா அதுக்குப் பேரு வேறங்க டாக்டர்."

"அதுக்குத்தான் குளிர வைக்கிறோம். அந்தக் குளிர்ல மூளைக்கு ரத்தம் ரொம்பத் தேவைப்படாது. அந்த நேரத்துக்குள்ள வேலைய முடிக்கணும், முடியலன்னா நடுவுல ஓட விட்டுட்டு மறுபடி நிறுத்துவோம்."

ரெத்தினம் விடவில்லை. "வாய்க்கால் தூர்வாரணும்னா மேல மதகை அடைக்கணும், அது எனக்கும் தெரியும். வாருவீங்க, தொறந்தும் விடுவீங்க. எங்க வயலு கிளை வாய்க்காலுக்குக் கடைசிங்க. தொறந்து விட்ட தண்ணி எங்களுக்கு என்னிக்கு வந்து சேருதுன்னு எந்த ஆபீஸராவது கேட்டிருக்காரா?"

ஃபாஜில் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் மதித்ததாகவே தெரிந்தது.

"நாங்க ஒவ்வொரு நிமிஷமும் பாத்துட்டே இருப்போம் ஐயா. நெத்தியில ஒட்டற கருவி இருக்கு, மூளைக்கு ஆக்ஸிஜன் போகுதான்னு காட்டும். ஆனா ஒண்ணை மறைக்க மாட்டேன். நூறு பேருக்குச் செஞ்சா நாலஞ்சு பேரு வீட்டுக்குத் திரும்பறதில்ல."

நான்கு நாள் பாதுகாத்த ரகசியம் நான்கு நிமிஷத்தில் காலியாகிவிட்ட ஏமாற்றத்தில் புகழேந்தி மூக்கை உறிஞ்சினான்.

அம்சம்தான் பேசினாள். "மிச்சம் தொண்ணூத்தஞ்சு பேரு நடக்கறாங்களா?"

"நடக்கறாங்க."

"வயல்ல எறங்கறாங்களா?"

"அதை நான் சொல்றதவிட, செஞ்சுக்கிட்டவங்களே சொல்லட்டும். இன்னிக்கு ஒருத்தர் செக்கப்புக்கு வந்திருக்காங்க, அனுப்பறேன்" என்று எழுந்தார் ஃபாஜில்.

இது அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷமாக இருக்கும் வழக்கம். ஆபரேஷன் முடிந்து நலமாக இருப்பவர்களைக் கூப்பிட்டு, செய்துகொள்ளப் போகிறவர்களிடம் அரை மணி நேரம் பேசவிடுவார்கள். டாக்டர்கள் யாரும் அப்போது அறையில் இருக்கக் கூடாது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எல்லாவற்றையும் விளக்கி, காகிதங்களைத் தயார் செய்யும் நர்ஸ் பிரின்ஸி கொண்டுவந்த ஏற்பாடு.

விண்ணரசி மாடிப்படி ஏறியே வந்தாள். மயிலாடுதுறையில் தையல் கடை வைத்திருப்பவள், நாற்பத்தி நான்கு வயது. கழுத்தில் சிலுவை டாலருக்குக் கீழே தழும்பின் நுனி தெரிந்தது. அவள் வரும்போது புகழேந்தி தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்ல, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போயிருந்தான். ரெத்தினம் காபி வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கியிருந்தார்.

"பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேங்க்கா. நான் பயந்து செத்தேன்" என்று ஆரம்பித்தாள் விண்ணரசி. "முழிச்சதும் மறுநாளே எழுப்பி உக்கார வச்சுட்டாங்க. அதுக்கடுத்த நாளு நடக்கச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு, நெஞ்சப் பொளந்த பொம்பளய நடக்கச் சொல்றியான்னு நர்ஸோட சண்டைக்குப் போயிட்டாரு. அந்த நர்ஸு அவரு கையில ஒரு தலகாணியக் குடுத்து, சண்டையெல்லாம் அப்புறம், இதப் புடிங்கன்னுச்சு. தலகாணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் இருமணும்க்கா, தையல் விட்டுடாம இருக்க. ஒரு மாசம் அதக் கட்டிப்புடிச்சுக்கிட்டே கெடந்தேன்."

அம்சத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு வாங்கியது.

"இப்ப?"

"ஒம்போது மாசம் ஆச்சு. மாடி ஏறுறேன். மிஷின் மிதிக்கிறேன். மாத்திரைதான், சாவுற வரைக்கும். ஊசி குத்துனாக்கூட ரத்தம் நிக்க நேரமாவும். அதுக்குப் பயந்து நிறுத்த முடியுமா? நிறுத்துனா மறுபடி கட்டிக்கும். இந்தத் தடவ சின்னச் சின்னக் கிளையில போய் உக்காந்துக்குமாம். அங்கெல்லாம் டாக்டர் கை எட்டாது. நெஞ்சத் தொறந்தும் பிரயோசனம் இல்லன்னு சொல்லிட்டுத்தான் எனக்கே செஞ்சாங்க."

விண்ணரசி இன்னும் பத்து நிமிஷம் பேசினாள். சாப்பாடு, தூக்கம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வேண்டியது எல்லாம் சொன்னாள். அம்சம் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நூற்றில் ஐந்து பேர் என்றபோது வராத பயம் அது. நெஞ்சைத் திறந்த பிறகு டாக்டரின் கை எட்டாமல் போய்விட்டால்?

விண்ணரசி போனதும் அவள் மணியை அழுத்தினாள். பிரின்ஸி வந்தாள்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும். காலுக்குக் குடுத்த மாத்திரைய நான் முழுசா சாப்பிடல."

பிரின்ஸி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எத்தனை நாள் விட்டீங்கம்மா?"

"நடவு நாள்ல விட்டுருவேன். குறுவைக்கு ஒரு மாசம், சம்பாவுக்கு ஒரு மாசம். ரெண்டு வருஷமும்."

"ஏன்?"

"அட்டை."

பிரின்ஸிக்குப் புரியவில்லை. அம்சம் விளக்கினாள். சேற்றில் நிற்கும்போது அட்டை கடிப்பது நடவுக்காரிகளுக்குப் பெரிய விஷயமே இல்லை. உப்பைத் தடவினால் விழுந்துவிடும். கொஞ்சம் ரத்தம் வரும், பிறகு நின்றுவிடும். அம்சத்துக்கு நிற்கவில்லை. மாத்திரை ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். மதியம் கடித்த இடத்தில் பொழுது சாய்ந்தும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. கோஷ்டித் தலைவியே காலைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தால் மற்ற இருபத்தியோரு பேரும் என்ன நடவு நடுவார்கள்? அதனால் நடவு மாதத்தில் மாத்திரை கொல்லைக்குப் போயிற்று.

"இந்த வருஷம் நடக்கவே முடியலையே, வயலுக்கு எப்படிப் போனீங்க?"

"நட முடியல. நாத்தங்கால்ல குனிஞ்சு குனிஞ்சு நாத்துப் பறிச்சேன். ஆனியில ஒரு பதினெட்டு நாளு."

"அட்மிட் ஆன அன்னிக்கு ரத்த டெஸ்ட் நம்பர் கம்மியா இருந்துச்சு, மாத்திரை சரியா வேலை செய்யலன்னு அர்த்தம். ஏன்னு கேட்டதுக்கு, கீரை நெறய சாப்பிட்டிருப்பாங்க, அது மாத்திரையக் கெடுத்திருக்கும்னு உங்க பையன் சொன்னாரு."

"அவன் பாவம். அவனுக்குத் தெரியாது."

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு? டாக்டரா?"

"யாரும் சொல்லல. நானேதான்." அம்சம் இதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

வாசலில் காபி டம்ளரோடு ரெத்தினம் நின்றுகொண்டிருந்தார். டம்ளரை மேஜைமேல் வைத்தார். கடைக்காரன் சர்க்கரை போட மறந்துவிட்டான் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி இறங்கிப் போனார். அம்சம் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்பது முப்பத்தைந்து வருஷம் அவளோடு வாழ்ந்தவருக்குத் தெரியாமல் இருக்காது.

ஃபாஜில் திரும்ப வந்தார். திட்டவில்லை. சித்திரையில் எடுத்த ஸ்கேனை வைத்துத்தான் ஆபரேஷன் என்று முடிவு செய்ததாகவும், ஆனியில் மாத்திரை இல்லாமல் பதினெட்டு நாள் போயிருப்பதால் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். புதிய கட்டிகள் கை எட்டாத கிளைகளுக்குப் போயிருந்தால் இந்த ஆபரேஷன் இல்லை.

"அப்படியும் வழியே இல்லன்னு சொல்லல" என்றார். "சின்னக் கிளைக்குள்ள பலூன் விட்டுத் தொறக்கலாம். ஆனா உங்க இதயம் இருக்கற நிலைக்கு ஆபரேஷன்தான் நல்ல வழி. நீங்க இப்ப சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சும்மா."

அது நல்லதாகப் போனதாகப் புகழேந்தி நினைக்கவில்லை. கும்பகோணம் பள்ளியில் எட்டாம் வகுப்பைத் திட்டும் அதே குரலில் ஆரம்பித்தான்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா. மாசாமாசம் மாத்திரை வாங்கி, கண்டக்டரக் கெஞ்சிக் கூத்தாடி பஸ்ஸுல குடுத்தனுப்புனேனே. அதக் கொண்டுபோய்க் கொல்லையில கொட்டியிருக்க. அட்டைக்குப் பயந்துக்கிட்டு உயிரயே வுட்டுட்டு உக்காந்திருக்க. உனக்கு நடவுதான் பெருசு, நாங்க பெருசில்ல. அப்படித்தானே?"

அம்சம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வரை திட்டினான். வந்த பிறகும் திட்டினான். பிள்ளை அழாமல் இருப்பதற்காகத் திட்டுகிறான் என்று தாய்க்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் வலித்தது. ரெத்தினம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மதியம் அவர் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

நாலரை மணிக்குப் பிரின்ஸி இரண்டு காகிதங்களோடு வந்தாள். ஸ்கேனை ஃபாஜிலும் சென்னையில் இருக்கும் அவருடைய குழுவும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சரியாக இருந்தால் ஆபரேஷனுக்கு இன்றே ஆம்புலன்ஸில் சென்னை. அதற்குக் காகிதம் தயாராக இருக்க வேண்டும்.

முதல் காகிதத்தில் அம்சம் தானே கையெழுத்துப் போட்டாள். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட நான்கு எழுத்து. நிதானமாகப் போட்டாள்.

"இது ரெண்டாவது" என்றாள் பிரின்ஸி. "வீட்டுக்குப் போனப்புறம் தினமும் எட்டு மணிக்கு மாத்திரையக் கையில குடுத்து, முழுங்கறதப் பாத்து, நோட்டுல குறிக்கிறதுக்கு ஒரு ஆள். அவங்க கையெழுத்து இல்லாம டாக்டர் ஆபரேஷன் பண்ண மாட்டாரு. காலையில நீங்க சொன்னதுக்கப்புறம், கண்டிப்பா பண்ண மாட்டாரு."

"அப்பா பேரப் போடுங்க" என்றான் புகழேந்தி. "நான் கும்பகோணத்துல இருக்கேன்."

"அவரு வேணாம்" என்றாள் அம்சம்.

பேனாவைத் திறந்த பிரின்ஸி நிமிர்ந்தாள்.

"பக்கத்து வீட்டு மலர்க்கொடி பேரப் போடும்மா. எங்கூட நடவுக்கு வர்ற புள்ள. பொறுப்பா குடுக்கும்."

புகழேந்திக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "புருஷன் உக்காந்திருக்கறப்ப பக்கத்து வீட்டு ஆளு குடுக்கணுமா? மாத்திரைய நிறுத்துனது நீ. அப்பா என்ன பண்ணாரு?"

"தம்பி" என்றார் ரெத்தினம் வாசலிலிருந்து. "நிறுத்தச் சொன்னதே நான்தான்."

புகழேந்தி திரும்பினான். ரெத்தினம் உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"மொத வருஷம் குறுவை நடவு. ரெண்டு அட்டை. வீட்டுக்கு வந்தும் நிக்கல. பொடவையச் சுத்தி அழுத்திப் புடிச்சிருக்கேன், அதையும் நனைச்சுக்கிட்டு வருது. எனக்குக் கையி காலெல்லாம் ஒதற ஆரம்பிச்சிருச்சு. இந்த மாத்திரைதான் உன்னக் கொல்லுது, நடவு முடியற வரைக்கும் தொடாதன்னு நான்தான் சொன்னேன். அவ வேணாம்னா. தம்பி திட்டுவான்னா. நான் அட்டையப் புடுங்கிக் கொல்லையில எறிஞ்சேன். மாத்திரை அட்டைய. அப்புறம் ஒவ்வொரு நடவுக்கும் நானே எடுத்து ஒளிச்சு வச்சிருவேன்."

புகழேந்தி காலையிலிருந்து அம்மாவிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கே திரும்பக் கேட்டிருக்க வேண்டும். அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அம்சத்தின் காலடியில் கிடந்த போர்வையை இழுத்து விட்டான். மன்னிப்புக் கேட்கவெல்லாம் இல்லை. அந்த வீட்டில் அப்படியொரு பழக்கம் கிடையாது.

"நானேதான்னு சொல்லிட்டேன்ல. அதோட விட்டிருக்கலாம்ல" என்றாள் அம்சம் கணவரிடம்.

"விட்டா அவன் உன்னத்தானே திட்டிக்கிட்டிருப்பான்." ரெத்தினம் கட்டிலருகே வந்து பிரின்ஸியிடம் கை நீட்டினார். "பேனாவக் குடும்மா. எம்பேரப் போடு."

பிரின்ஸி கொடுக்கவில்லை. அம்சத்தைப் பார்த்தாள்.

அம்சம் கணவரைப் பார்த்தாள். "மறுபடி ரத்தத்தப் பாத்தா நிறுத்தச் சொல்லுவீங்களா?"

ரெத்தினம் யோசித்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"சொல்லுவேன்" என்றார். "நீ கேக்காத."

அம்சம் பிரின்ஸியிடம் திரும்பி, "எழுதும்மா அவரு பேர" என்றாள்.

ரெத்தினம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பிரின்ஸியின் போன் அடித்தது. இரண்டு தரம் "சரிங்க டாக்டர்" என்றாள். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. அவள் பயிற்சி அப்படி.

"ஸ்கேன் பாத்துட்டாங்களாம். கீழ ரூமுக்கு வரச் சொல்றாரு."

பழக்கதோஷத்தில் புகழேந்தி சட்டென்று எழுந்தான். "நீங்க ரெண்டு பேரும் இருங்க. நான் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

"உக்காரு" என்றாள் அம்சம். போர்வையை விலக்கிக் காலைக் கீழே தொங்கவிட்டாள். ரெத்தினம் மூலையில் கிடந்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரின்ஸி குழாயைச் சிறிய சிலிண்டருக்கு மாற்றினாள். அம்சம் மகனின் தோளைப் பிடித்து இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"மூணு பேரும் போறோம்" என்றாள். "நல்லதோ கெட்டதோ, எம்முகத்தப் பாத்துச் சொல்லச் சொல்லு."